டெபியனில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: தண்டையார்பேட்டை டிடிபி கடையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஜெராக்ஸ், டிடிபி கடை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் ஆகும் வரை கல்லூரிப் பிள்ளைகள் கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஓடுவது டெபியன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் இயங்குதளம். "இது விண்டோஸ் மாதிரி இல்லையே அண்ணா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். அடுத்து, "இதுக்கு எவ்ளோ காசு?" என்பார்கள். "சும்மாவா குடுக்குறாங்க? அப்போ யார் செய்றாங்க, நானும் செய்யலாமா?" என்று கேட்கும் வரை போகிறவர் எப்போதாவது ஒருவர்தான். அப்படிக் கேட்டவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, பின்னால் ஆதார் ஜெராக்ஸுக்கு நிற்கிறவரிடம் திட்டு வாங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எந்த வீட்டுக்குப் போகிறோம்

லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் சேர்வதென்றால் ஏதாவது ஒரு குழுவில்தான் சேர வேண்டும். நான் டெபியனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது அதுதான். ஃபெடோரா, ஆர்ச் என்று வேறு லினக்ஸ் குழு உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக அங்கே போங்கள். சடங்குகள் மாறும், போக்கு ஏறக்குறைய இதேதான்.

டெபியனை 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் என்ற மாணவர் அறிவித்தார். அவருடைய தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துத்தான் டெபியன் என்று வைத்தார். இதற்குப் பின்னால் முதலாளியும் இல்லை, கம்பெனியும் இல்லை. தலைவரைக்கூட ஆண்டுதோறும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுரிமை உள்ளவர்கள் உலகம் முழுக்க ஆயிரம் பேரளவில்தான் இருப்பார்கள். அவர்களோடு, ஓட்டுரிமை இல்லாமல் வேலை செய்யும் ஏராளமானோரும் சேர்ந்து 60,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களைப் பராமரிக்கிறார்கள். நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்தான் பேக்கேஜ், தமிழில் பொதி என்றும் சொல்வார்கள். நான் வாயில் வருகிறபடி பேக்கேஜ் என்றே எழுதுகிறேன்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், டெபியனை அடிப்படையாக வைத்து எழுந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் லினக்ஸ் முதலில் நுழைந்தது அந்த லேப்டாப் வழியாகத்தான். ஆனால் "அதை அழிச்சிட்டு இடத்தைக் கூட்டிக் குடுங்கண்ணா" என்றுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். நானும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை அதற்கான பரிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகுமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். மறுபக்கம் இருக்கிறவருக்கும் சம்பளம் கிடையாது. வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்கிறவர் அவர். நீங்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும், இல்லையென்றால் தின்னும். ராயபுரம் பக்கம் கேரம் கிளப்புக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாளே போய் ஸ்ட்ரைக்கரைக் கேட்க மாட்டோம். பலகை ஓரம் நின்று, பவுடர் போட்டு, விழுந்த காயை எடுத்துக் கொடுத்து, அந்த இடத்துப் பழக்கவழக்கம் என்ன என்று பார்ப்போம். ஒருநாள் ஆள் குறையும்போது "நீ உட்காருப்பா" என்பார்கள்.

முதல் படி: மெஷினைத் தயார் செய்யுங்கள்

புது லேப்டாப் வேண்டாம். என் கடையில் ஓடுவது ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி, 4 ஜிபி ரேம். எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப் மென்பொருள் போட்டால் தாராளமாக ஓடும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிராசஸர் 64-பிட்டா என்பது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பழைய 32-பிட் பிசிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது.

நெட்இன்ஸ்ட் என்ற சின்ன ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பு) ஒரு ஜிபிக்கும் குறைவு, மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கிவிடலாம். மீதியை இன்ஸ்டால் ஆகும்போது நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் வைஃபை சிப்பை இயக்க வேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2022-இல் உறுப்பினர்கள் ஓட்டெடுத்து, டெபியன் 12 முதல் அதை ஐஎஸ்ஓவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

டெபியனில் மூன்று கிளைகள் உண்டு. ஸ்டேபிள், நாம் தினமும் ஓட்டுவதற்கு. டெஸ்டிங், அடுத்த வெளியீடு உருவாகிக்கொண்டிருக்கும் இடம். அன்ஸ்டேபிள் என்கிற சிட், புதுச் சரக்கு முதலில் வந்து இறங்கும் இடம். அன்ஸ்டேபிளில் இறங்கிய பேக்கேஜ், பெரிய புகார் எதுவும் வராவிட்டால், சில நாட்களில் டெஸ்டிங்குக்குப் போகும். அவசரத்தைப் பொறுத்து 2 முதல் 10 நாள்.

தினசரி வேலைக்கு ஸ்டேபிள் போடுங்கள். அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், அன்ஸ்டேபிளை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். ஆர்வக்கோளாறில் கடை மெஷினிலேயே அன்ஸ்டேபிளைப் போட்டுவிட்டு, கல்யாண சீசனில் பிரிண்டர் வேலை செய்யாமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, பெயரிலேயே எழுதியிருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு வழு அறிக்கை, ஒழுங்காக

நிரல் (கோட்) எழுதத் தெரிய வேண்டும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் சி மொழி சரியாக வராது. நான் நுழைந்தது வழு அறிக்கை வழியாக, அதாவது மென்பொருளில் கண்ட கோளாறைப் புகாராக எழுதி அனுப்பி. பக் ரிப்போர்ட் என்று சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் முதல் அறிக்கையின் கதையைச் சொன்னால் நான் சொல்லப்போகும் விதிகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடித்துப் பிடிஎஃப் ஆக்கினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. அந்தப் பிடிஎஃபிலிருந்து எழுத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் "கொ" உடைந்து, ஒற்றைக் கொம்பு முன்னால் தனியாகவும் "கா" பின்னால் தனியாகவும் விழுந்தது. தமிழ் டிடிபி செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். ஆத்திரத்தில் நான் எழுதிவைத்த முதல் வரைவு இது:

"தமிழ் சரியாக வேலை செய்யவில்லை. பலமுறை முயன்றுவிட்டேன். மிக அவசரம். உடனே சரிசெய்யவும்."

இதோடு 8 பக்கப் பத்திரிகையையும் இணைத்திருந்தேன். அதில் மாப்பிள்ளை வீட்டு முகவரி, பெண் வீட்டு முகவரி, நான்கு போன் நம்பர் எல்லாம் இருந்தன. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கரண்ட் போனது. வாழ்க்கையில் மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான். டெபியனின் வழுப் பதிவேட்டுக்குப் போகும் எல்லாமே பொதுவில் தெரியும், என்றைக்கும் அழியாது. உங்கள் மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான். கல்லூரிக் காலத்தில் கெத்துக்காகத் தொடங்கிய முகவரி இருந்தால் அதை விட்டுவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நிதானமாக உட்கார்ந்தேன். எட்டுப் பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன், அதை ஒரு வரியாக்கினேன், கடைசியில் "கொ" என்ற ஒற்றை எழுத்து மட்டும் நின்றது. அப்போதும் உடைந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், உடையவில்லை! கோளாறு எழுத்துச் செயலியில் இருப்பதாக நினைத்து ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது எழுத்துருவோடு ஒட்டிக்கொண்டிருந்த கோளாறு. அப்போது நான் எழுதியதன் சாரம் இது (நிஜத்தில் உடைந்த ஆங்கிலத்தில்தான் எழுதினேன்):

"1. புதிய ஆவணம் திறந்து இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். 2. 'கொ' என்று அடித்தேன். 3. பிடிஎஃப் ஆக்கினேன். 4. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினேன். எதிர்பார்த்தது: கொ. கிடைத்தது: கொம்பு முன்னால், 'கா' பின்னால். வேறு இரண்டு எழுத்துருக்களில் இப்படி ஆகவில்லை. ஓரெழுத்துக் கோப்பை இணைத்துள்ளேன்."

என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன கிடைத்தது: இந்த மூன்றும் இருந்தால் உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மறுபக்கம் இருப்பவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாமல் இருக்கலாம். அதனால் எது சரி, எது தவறு என்று படம் பிடித்துக் காட்டுவது அவருக்குப் பெரிய உதவி.

இனி செய்முறை. டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற கருவி உண்டு. பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், அதில் ஏற்கெனவே பதிவான புகார்களை முதலில் காட்டும். அவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் புகார் ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் திறக்காமல், "எனக்கும் நடக்கிறது, என் பதிப்பு இது" என்று அதன் கீழேயே சேர்த்துவிடலாம். இல்லையென்றால் பதிப்பு எண், சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்கள் என எல்லாவற்றையும் அதுவே திரட்டி மின்னஞ்சலாக அனுப்பும். எந்தப் பேக்கேஜ் என்றே தெரியவில்லையா? கோளாறு செய்யும் கோப்பின் பாதையை டிபிகேஜி கட்டளைக்குப் பெரிய எஸ் சேர்த்து (dpkg -S) கொடுங்கள், அது எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். தவறாகப் போட்டாலும் குடி முழுகாது, பராமரிப்பாளர் சரியான இடத்துக்கு மாற்றிவிடுவார்.

அனுப்புமுன் அந்த விர்ச்சுவல் மெஷினைத் திறந்து, அன்ஸ்டேபிளிலும் அதே கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே சரியாகியிருந்தால் யாருடைய நேரத்தையும் எடுக்க வேண்டாம். ஸ்டேபிளில் பாதுகாப்புச் சிக்கல்களையும் பெரிய வழுக்களையும்தான் திருத்துவார்கள்.

கருவி தீவிரத்தைக் கேட்கும். ஆசை என்பதில் தொடங்கி, சிறிது, சாதாரணம் என்று ஏறி, ஆபத்து வரை ஏழு நிலைகள். நம் எல்லோருக்கும் கை தானாகவே மேல்நிலைக்குப் போகும். உச்சத்தில் இருக்கும் மூன்று நிலைகளில் ஒன்றைக் கொடுத்தால், அடுத்த வெளியீட்டில் அந்தப் பேக்கேஜ் இடம்பெறுவதே கேள்விக்குறியாகிவிடும். சந்தேகம் இருந்தால் சாதாரணம் என்றே போடுங்கள்.

சிறிது நேரத்தில் உங்கள் புகாருக்கு ஓர் எண் வரும். எண்கள் 10 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன. என் முதல் எண்ணைக் கடைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். போன பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் போய்விட்டது.

மூன்றாம் படி: அடுத்தவர் புகாரைச் சோதிப்பது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஆளே இல்லாத வேலை இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய புகார் திறந்தபடியே கிடக்கும். அது இன்னும் நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆள் இருக்காது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய புகார்களை ஒவ்வொன்றாக அன்ஸ்டேபிளில் செய்து பாருங்கள். நடந்தால், எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று எழுதுங்கள். நடக்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். மூடுவதா வேண்டாமா என்ற முடிவைப் பராமரிப்பாளரிடமே விட்டுவிடுங்கள். மின்னஞ்சலிலேயே கட்டளை அனுப்பி யார் வேண்டுமானாலும் புகாரை மூட முடியும் என்பதற்காக முதல் வாரமே இருபதை மூடினால், அந்த வீட்டில் உங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. சாட்பாட்டிடம் எழுதி வாங்கியதை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். நீங்கள் ஓட்டிப் பார்க்காத ஒன்றைப் படிக்கப் பராமரிப்பாளர் அரைமணி நேரம் செலவழிப்பார். உங்கள் நான்கு வரி உடைந்த ஆங்கிலம் அதைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் படி: தமிழாக்கம்

தமிழர்கள் வந்தால் எல்லோரும் முதலில் காட்டும் வேலை இது. சுலபம் என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால் பேக்கேஜ் கட்டுவதைவிட இதுதான் கடினம்.

முதலில் எதை எங்கே மொழிபெயர்ப்பது என்று பார்த்துவிடுவோம். குனோம், கேடிஇ, லிப்ரெஆபிஸ் போன்ற மென்பொருள்களின் தமிழ் டெபியனில் செய்யப்படுவதில்லை. அவற்றை உருவாக்கும் குழுக்களிடம்தான் நேரே செய்ய வேண்டும். அங்கே திருத்தினால் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் ஃபெடோராவுக்கும் சேர்ந்தே வந்துவிடும். டெபியனுக்கே உரியவை என்றால் இன்ஸ்டாலர், பேக்கேஜ் நிறுவும்போது கேட்கும் கேள்விகள், பேக்கேஜ் விவரிப்புகள், ஆவணங்கள் இவைதான். இன்ஸ்டாலரில் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வரைகலை இல்லாமல் வெறும் எழுத்துத் திரையில் ஓடும் இன்ஸ்டாலரில் தேடினால் கிடைக்காது. நம் எழுத்துகளைச் சேர்த்து வரைய அதனால் முடியாது, அதனால் வரைகலை இன்ஸ்டாலரில் மட்டும்தான் தமிழ். இன்ஸ்டாலர் வாசகங்களை முக்கியத்துவப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். மொழிபெயர்ப்பு ரொம்பவும் பின்தங்கிய மொழியை வெளியீட்டிலிருந்து நிறுத்திவைப்பதும் உண்டு.

வாசகங்கள் பிஓ என்ற வகைக் கோப்பில் இருக்கும். மேலே ஆங்கிலம், கீழே தமிழுக்கான வெற்றிடம். போஎடிட் என்ற நிரலில் திறந்தால் வசதியாக இருக்கும். தட்டச்சுக்குத் தமிழ்99 பழகிக்கொள்ளுங்கள், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக எளிதில் கிடைக்கும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் "இந்தக் கோப்பை இந்த அடைவுக்கு நகலெடு" என்ற வாசகத்தில் கோப்பின் பெயரும் அடைவின் (ஃபோல்டரின்) பெயரும் வர வேண்டிய இடங்களில் சதவீதக் குறியும் எஸ் என்ற எழுத்தும் (%s) இருக்கும். நிரல் ஓடும்போது முதல் இடத்தில் கோப்பும் இரண்டாம் இடத்தில் அடைவும் வந்து உட்காரும். தமிழில் "அடைவுக்குள் கோப்பை நகலெடு" என்று இயல்பாக மாற்றி எழுதினால் என்ன ஆகும்? கோப்பின் இடத்தில் அடைவு வந்து உட்காரும். அதற்காகத்தான் குறிக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணையும் டாலர் அடையாளத்தையும் சேர்த்து (%1$s, %2$s) வரிசையை நாமே சொல்லும் வழி இருக்கிறது. ஒன்று எழுத்து, மற்றது எண் என்று வகை வேறாக இருந்து நீங்கள் இடம் மாற்றிவிட்டால், நிரலே விழுந்துவிடவும் கூடும். போஎடிட்டும் பிஓ கோப்புகளுக்கான கெட்டெக்ஸ்ட் கருவிகளும் இதைச் சோதித்துச் சொல்லும். சோதிக்காமல் அனுப்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேற்றுமை உருபு. அந்தக் குறியில் என்ன பெயர் வந்து விழும் என்று நமக்குத் தெரியாது. "மரம்" வந்தால் மரத்தை, "முத்து" வந்தால் முத்துவை. குறிக்குப் பின்னால் வெறுமனே "ஐ" ஒட்டினால் திரையில் "மரம்ஐ" என்று நிற்கும். இதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் "தமிழே வேண்டாம், இங்கிலீஷ்லயே இருக்கட்டும்" என்று மாற்றிவிடுகிறார்கள். வழி இருக்கிறது. "மரம் என்ற கோப்பை" என்று எழுதினால் உருபு நாம் எழுதிய சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும், பெயர் எதுவாக இருந்தாலும் உடையாது. நான் இதைக் கண்டுபிடித்த அன்று ஏதோ பெரிதாகச் சாதித்த நினைப்பில் இருந்தேன். பிறகுதான் பழைய மொழிபெயர்ப்புகளில் யாரோ எனக்கு முன்னாலேயே அப்படிச் செய்துவைத்திருப்பதைப் பார்த்தேன்.

சொல் தேர்வில் சண்டை வரும். கோப்பு, அடைவு, கடவுச்சொல் இவையெல்லாம் நிலைத்துவிட்டன. புதுச் சொற்களில்தான் பிரச்சினை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: என் கடைக்கு வரும் அக்கா ஒருவர் அந்தப் பொத்தானைப் பார்த்ததும் அழுத்துவாரா, என்னைக் கூப்பிடுவாரா? கூப்பிட்டால் சொல் சரியில்லை. தூய தமிழ் ஆர்வலர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ஒரே கோப்பில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் கூடாது. ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்திருந்தால் முதலில் அவருக்கு எழுதிக் கேளுங்கள். கோப்பின் தலைப்பிலேயே அவர் முகவரி இருக்கும். கேட்காமல் அவர் சொற்களை மாற்றுவது, ஒருவர் வீட்டு வாசலில் போட்ட கோலத்தை அழித்துவிட்டு நம் கோலத்தைப் போடுகிற மாதிரி.

ஐந்தாம் படி: பேக்கேஜ் பக்கம்

இது வேண்டுமென்பவர்களுக்கு மட்டும். வேண்டாமென்றால் அடுத்த படிக்குத் தாவிவிடலாம்.

ஒரு மென்பொருளின் மூலநிரலை எடுத்து, அதற்குள் டெபியன் என்ற பெயரில் ஓர் அடைவு வைத்தால் அது பேக்கேஜாகும். அதில் நான்கு கோப்புகள் முக்கியம். பெயர், சார்புகள், விவரிப்பு இவற்றுக்கு ஒன்று. என்ன மாறியது என்ற வரலாற்றுக்கு ஒன்று. எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒன்று. நான்காவது, யாருடைய உரிமை, எந்த உரிமம் என்பதற்கு. இந்த நான்காவதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் எழுத்துருவுக்கோ படத்துக்கோ வேறு உரிமம் இருக்கும், அதைத் தேடி எழுத வேண்டும். டெபியன் இதில் கறாரான இடம். 1997-இல் அவர்கள் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகள்தான் அடுத்த ஆண்டே திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்பதற்கான வரையறைக்கு அடிப்படையானது.

எல்லோரும் தனக்குப் பிடித்த புது மென்பொருளைக் கொண்டுவரத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம். புதுப் பேக்கேஜ் என்றால் தனி வரிசையில் நின்று, அதற்கான குழு உரிமங்களைப் பார்த்து அனுமதிக்கும் வரை வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அனாதையான பேக்கேஜ்களின் பட்டியலைப் பாருங்கள். பராமரித்தவர் விட்டுப்போனவை, உதவி கேட்பவை, கைமாற்றிக் கொடுக்கத் தயாராக இருப்பவை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் மெஷினில் இருக்கும் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு சின்ன வழுவைத் திருத்துங்கள், எஸ்பில்ட் என்ற கருவியில் சுத்தமான சூழலில் கட்டிப் பாருங்கள். பிறகு பேக்கேஜில் பிழை தேடும் லின்டியனை ஓட்டுங்கள். அது ஸ்கூல் டீச்சர் மாதிரி, ஒரு கமா விட்டாலும் சிவப்பு மையில் வட்டம் போடும்.

உங்களால் டெபியனுக்குள் நேரடியாக ஏற்ற முடியாது. மென்டார்ஸ் என்ற தளத்தில் வைத்துவிட்டு, ஸ்பான்சர், அதாவது நமக்காக ஏற்றிவிடுபவர், வேண்டும் என்று முறைப்படி கேட்க வேண்டும். ஒரு டெபியன் டெவலப்பர் (ஏற்றும் உரிமை உள்ள உறுப்பினர்) பார்த்து, குறைகளைச் சொல்லி, நீங்கள் திருத்தி, திரும்பச் சொல்லி, கடைசியில் அவருடைய கையொப்பத்தோடு ஏற்றுவார். எனக்கு முதல் தடவை பதினொரு குறைகள் வந்தன. கடை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் திறந்து படித்தேன். படித்து முடித்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மணி நேரமாவது இதற்குச் செலவழித்திருப்பார் என்பது உறைத்தது. குறை வந்தால் கோபப்படாதீர்கள். பதிலே வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் இரண்டு மூன்று வாரம் விட்டு ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள், தினமும் கதவைத் தட்டாதீர்கள்.

ஆறாம் படி: முகம் தெரிய வேண்டும்

இணையத்தில் நடக்கும் வேலைக்கு முகம் எதற்கு என்று கேட்பீர்கள். உலகில் கோடிக்கணக்கான மெஷின்களில் ஓடப்போகும் நிரலில் கையெழுத்துப் போடுகிறவர் நிஜமான ஆள்தானா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் ஜிபிஜி சாவி, கம்ப்யூட்டரில் கையொப்பமிட உதவும் டிஜிட்டல் சாவி. நீங்கள் ஒரு சாவி உருவாக்கி, அதன் 40 இலக்கக் கைரேகையை (சாவியின் அடையாள எண்ணை) சீட்டில் அச்சடித்து எடுத்துப்போய், ஏற்கெனவே டெவலப்பராக இருக்கிறவரை நேரில் பார்த்து, அரசு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அவர் சரிபார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் உங்கள் சாவியில் கையொப்பமிடுவார். ரகசியச் சாவியைப் பென்டிரைவில் நகலெடுத்து வீட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். அது தொலைந்தால் முதலிலிருந்து எல்லோரையும் பார்க்கப் போக வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு முன்பு இதுதான் தடை. இப்போது அவ்வளவு இல்லை. உலக டெபியன் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியிலேயே நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் மினி மாநாடு நடந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸில் கூடிவந்தது. இங்கிருந்து ஐஐடி இருக்கும் அடையாறு பக்கம் போவது ஒரு காலத்தில் அரைநாள் பயணம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் கிண்டியில் இறங்கி ஒரு பஸ், அவ்வளவுதான். முதல் கூட்டத்துக்குப் போனபோது "நார்த் மெட்ராஸா? அவ்ளோ தூரத்துல இருந்தா வர்றீங்க?" என்று கேட்டார்கள். ஏதோ வெளியூரிலிருந்து வந்த மாதிரி. போனால் பேச வேண்டும் என்றுகூட இல்லை, சீட்டை நீட்டினால் போதும்.

தொடர்ந்து வேலை செய்தால் முதலில் டெபியன் மெயின்டெய்னர் ஆகலாம். குறிப்பிட்ட பேக்கேஜ்களை நீங்களே ஏற்ற அனுமதி கிடைக்கும். அடுத்து டெபியன் டெவலப்பர். ஒருவர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு விண்ணப்பத்தைக் கவனிக்கும் ஒருவர் கொள்கைகள், நடைமுறைகள், திறமை என்று கேள்விமேல் கேள்வி கேட்பார், மாதங்கள் ஆகலாம். பேக்கேஜ் கட்டாதவர்களுக்கும் இது உண்டு. 2010-இல் ஓட்டெடுத்து, மொழிபெயர்ப்பு, ஆவணம், நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்களும் முழு உறுப்பினராகலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கும் தலைவர் தேர்தலில் ஓட்டு உண்டு.

அடிக்கடி கேட்பது

"சர்டிபிகேட் தருவாங்களா அண்ணா?" தர மாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் உங்கள் பெயரோடு பொதுவில் கிடக்கும், பங்களிப்பாளர்களுக்கென்றே தனிப் பக்கமும் இருக்கிறது. இன்டர்வியூவில் அந்த இணைப்பைக் கொடுங்கள். பணம் கட்டினால் ஓப்பன் சோர்ஸ் சர்டிபிகேட் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"காசு?" கிடையாது. கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி போன்ற திட்டங்கள் வழியாகச் சிலருக்கு உதவித்தொகை கிடைக்கும். மாநாட்டுக்குப் போகப் பயணச் செலவு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதை நம்பி வேலையை விடாதீர்கள்.

"திட்டுவாங்களா?" முன்பு அந்தப் பெயர் இருந்தது. 2014-இல் நடத்தை விதிகள் கொண்டுவந்தார்கள், இப்போது எவ்வளவோ பரவாயில்லை. நேரடியாகப் பேசுவார்கள், "இது தவறு" என்று ஒரே வரியில் பதில் வரும். நம் ஊர்ப் பேச்சு பழகியவர்களுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கடைசிப் படி: விலகும்போது

சேர்வதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், விலகுவதைச் சொல்ல மாட்டார்கள். படிப்பு முடியும், வேலை கிடைக்கும், கல்யாணமாகும். நேரம் இல்லாமல் போவது தப்பில்லை, சொல்லாமல் போவதுதான் தப்பு. பராமரிப்பாளர் காணாமல் போனால், அவரைத் தேடி எழுதிப் பார்த்து, பதில் வராத பிறகு பேக்கேஜை அனாதையாக அறிவிக்க டெபியனில் தனிக்குழுவே இருக்கிறது. அத்தனை பேரை அலையவிடாமல், நீங்களே அனாதைப் பட்டியலில் போட்டுவிடலாம், அல்லது உதவி தேவை என்று அறிவிக்கலாம். டெவலப்பராக இருந்தால் முறைப்படி ஓய்வு பெற்றுக்கொண்டு பிறகு திரும்பி வரவும் வழி உண்டு.

அம்மாவை ஸ்டான்லியில் சேர்த்திருந்த சமயத்தில் நான்கு மாதம் என்னால் எதையும் தொட முடியவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "வீட்டில் உடல்நலச் சிக்கல், இந்தக் கோப்பு பாதியில் நிற்கிறது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனிலேயே இரண்டு வரி அனுப்பினேன். திரும்பி வந்து பார்த்தபோது மீதி வாசகங்களை யாரோ முடித்திருந்தார்கள். மூன்று இடத்தில் எனக்குப் பிடிக்காத சொல்லைப் போட்டிருந்தார். அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.